சார்ட்டில் லாபம், லைவில் நஷ்டம்: சொந்த மொமன்டம் இண்டிகேட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

பெங்களூரு பெல்லந்தூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ட்ரேடிங்வியூ சார்ட் தளத்தில், அதன் பைன் ஸ்கிரிப்ட் மொழியில், சொந்தமாக ஒரு மொமன்டம் இண்டிகேட்டர் (விலையின் வேகத்தை அளக்கும் கோடு) எழுதியிருக்கிறார். 14 கேண்டில் ரேட் ஆஃப் சேஞ்ச் (கேண்டில் என்பது சார்ட்டில் ஒரு குறிப்பிட்ட நேரத்து விலையைக் காட்டும் பட்டை), அதன் மேல் 5 கேண்டில் இஎம்ஏ (புதிய மதிப்புக்கு அதிக எடை தரும் சராசரி), கூடவே ஒரு மணி நேர சார்ட்டிலிருந்து ஒரு டிரெண்ட் ஃபில்டர். கோடு பூஜ்யத்தைத் தாண்டி ஏறினால் வாங்க வேண்டும், இறங்கினால் விற்க வேண்டும். ஐந்து நிமிட சார்ட்டில் பழைய நாட்களைப் புரட்டினால் அட்டகாசமாக இருக்கிறதாம். லைவில் வந்தால் மூன்று தொல்லை. வந்த சிக்னல் சில நிமிடத்தில் காணாமல் போகிறது. மொபைலுக்கு வரும் அலர்ட்டும் சார்ட்டில் நிற்கும் அம்புக்குறியும் ஒத்துப்போவதில்லை. கேப் அப் ஆன (முந்தைய நாள் முடிவைவிட உயர்ந்து திறந்த) நாட்களில் பதினொரு மணிக்குள் ஒரு பொய்யான செல் சிக்னல் வந்துவிடுகிறது. 14-ஐ 21 ஆக்கலாமா, 5-ஐ 9 ஆக்கலாமா என்று கேட்கிறார். ஆபீஸ் நண்பர்கள் மாதச் சந்தா கட்டி இந்தச் சிக்னலை வாங்கத் தயாராம், அதற்கும் கருத்துக் கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்த 14-ஐயும் 5-ஐயும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லையும் எண்களால் வந்தவை இல்லை. இண்டிகேட்டர் எந்த விலையை எந்த விலையோடு ஒப்பிடுகிறது, அந்த ஒப்பீடு எந்த நொடியில் முடிவாகிறது என்ற இரண்டு விஷயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் 21 போட்டாலும் 34 போட்டாலும் பொய் சிக்னல் வேறொரு நேரத்தில் வரும், அவ்வளவுதான்.

கேப் அப் நாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ரேட் ஆஃப் சேஞ்ச் என்பது இப்போதைய க்ளோஸையும் (கேண்டில் முடிந்த விலை) 14 கேண்டிலுக்கு முந்தைய க்ளோஸையும் ஒப்பிடும் கணக்கு. முன்பு 1,487, இப்போது 1,502 என்றால் வித்தியாசம் 15, அதாவது ஏறக்குறைய 1.01 சதவீதம். இடையில் இருந்த 13 கேண்டிலில் என்ன நடந்தது என்று அதற்குக் கவலையே இல்லை. சரி, ஒரு பங்கு நேற்று மதியம் முழுக்க 1,000-இலேயே இருந்து முடிந்து, இன்று காலை 9:15-க்கு 1,015-இல் திறந்து, அங்கேயே அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். முதல் 14 கேண்டிலுக்கும் ஒப்பீடு நேற்றைய மதியத்தோடு நடக்கிறது. ஆகவே 70 நிமிடமும் உங்கள் கணக்கு 1.5 சதவீத மொமன்டம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் காலையிலிருந்து அந்தப் பங்கு ஒரு ரூபாய் கூட நகரவில்லை.

10:25-க்குத் தொடங்கும் கேண்டிலில் முதன்முறையாக இன்றைய விலையோடு இன்றைய விலை ஒப்பிடப்படுகிறது. கேப் அந்த 14 கேண்டில் ஜன்னலை விட்டு வெளியே போய்விடுகிறது. 1.5 ஒரே கேண்டிலில் பூஜ்யமாகிறது. அந்த நேரம் பார்த்து விலை 1,013-க்கு லேசாக இறங்கி நின்றாலே போதும், கணக்கு மைனஸ் 0.2 ஆகிவிடும். உங்கள் 5 கேண்டில் இஎம்ஏ அந்த வீழ்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, 10:50 கேண்டிலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். நீங்கள் பார்த்த பதினொரு மணி செல் சிக்னல் இதுதான். 1,015-லிருந்து 1,013-க்கு வந்த இரண்டு ரூபாய் இறக்கத்துக்குப் போய் ஒரு செல்! 14-ஐ 21 ஆக்கினால் கேப் வெளியேறும் நேரம் 11:00 ஆகும். பொய் சிக்னல் பதினொன்றரை வாக்கில் வரும். வேறு பலன் எதுவும் இல்லை.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு கேண்டிலின் மாற்றத்தையும் தனித்தனியே எடுங்கள்: இந்த க்ளோஸ் கழித்தல் முந்தைய க்ளோஸ். நாளின் முதல் கேண்டிலுக்கு மட்டும் முந்தைய க்ளோஸுக்குப் பதில் அதே கேண்டிலின் ஓப்பனை வையுங்கள். பிறகு கடைசி 14 மாற்றங்களைக் கூட்டுங்கள். சாதாரண நேரத்தில் இது பழைய கணக்கின் அதே ரூபாய் வித்தியாசத்தைத் தரும். காலையில் மட்டும் கேப் உள்ளே வராது. கேப்பில் தகவலே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் அதைத் தனியாக ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 70 நிமிடத்தின் வேகத்துக்குள் அதைக் கலந்துவிட்டால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும்.

இங்கே ஒரு கிளைக் கதை உண்டு. மொமன்டத்தை ஏடிஆரால் (சமீபத்திய கேண்டில்களின் சராசரி ஏற்ற இறக்க அளவு) வகுத்தால் எல்லாப் பங்குக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், சரியான யோசனையும் கூட. ஒரு வங்கிப் பங்குக்கு 1 சதவீதம் பெரிய நகர்வு. ஒரு சிறிய நிறுவனப் பங்குக்கு அது காலை காபி. ஆனால் ஏடிஆரை வடிவமைத்த வெல்ஸ் வைல்டரின் முறையில் ட்ரூ ரேஞ்ச் (ஒரு கேண்டிலின் ஏற்ற இறக்க அளவு) என்பது முந்தைய க்ளோஸையும் சேர்த்துத்தான் எடுக்கப்படுகிறது. முன்வாசல் வழியாக வெளியேற்றிய கேப் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வருகிறது, இந்த முறை வகுக்கும் எண்ணாக. அவருடைய 14 கேண்டில் சராசரியில் புதிய மதிப்புக்கு 14-இல் ஒரு பங்கு எடை. அது பாதியாகக் கரைய ஒன்பது, பத்து கேண்டில் ஆகும். ஐந்து நிமிட சார்ட்டில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல். ஆகவே இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்பதில்) ஏடிஆரால் வகுப்பதானால் முதல் கேண்டிலுக்கு ஹை கழித்தல் லோ மட்டும் எடுங்கள். இன்னொன்று: வைல்டரின் 14 என்பது சாதாரண இஎம்ஏ 27-க்குச் சமமான வேகம். ஒரு தளத்தில் வைல்டர் முறை, இன்னொன்றில் சாதாரண இஎம்ஏ என்று இருந்தால் "அதே 14 தானே" என்று நினைத்துக்கொண்டு இரண்டு வேறு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி மறையும் சிக்னல். பைன் ஸ்கிரிப்ட், முடிந்துபோன கேண்டில்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை, இறுதி க்ளோஸை வைத்து ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலில் ஒவ்வொரு டிக்குக்கும் (விலை மாறும் ஒவ்வொரு தடவையும்) மறுபடி மறுபடி ஓடுகிறது. முந்தைய டிக்கில் கணக்கிட்டதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. 9:42-க்குக் கோடு பூஜ்யத்தைத் தாண்டலாம், 9:44-க்குத் திரும்பி வந்துவிடலாம். 9:45-க்குக் கேண்டில் முடியும்போது தாண்டிய தடயமே இருக்காது. பழைய நாட்களைப் பார்க்கும்போது உங்கள் கண்ணில் படுவது கடைசி வரை பிழைத்த சிக்னல்கள் மட்டுமே. இடையில் தோன்றிச் செத்தவை எத்தனை என்பது சார்ட்டில் எங்கும் பதிவாவதில்லை. அட்டகாசமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி நம் கண். அம்புக்குறி கேண்டிலுக்கு அடியில் இருக்கிறது. மனம் அந்தக் கேண்டிலின் அடி விலையிலேயே வாங்கியதாகக் கணக்குப் போடுகிறது. சிக்னல் உறுதியானது க்ளோஸில். நீங்கள் வாங்கக்கூடிய முதல் விலை அடுத்த கேண்டிலின் ஓப்பன். வேகமாக ஓடும் பங்கில் இந்த இரண்டுக்கும் இடையில்தான் லாபம் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

எனவே ஸ்கிரிப்ட்டில் சிக்னல் நிபந்தனையோடு, கேண்டில் உறுதியாகிவிட்டதா என்ற சோதனையையும் சேருங்கள். அதற்கென்று பைனிலேயே ஒரு மாறி இருக்கிறது. அலர்ட் வைக்கும்போது 'ஒன்ஸ் பெர் பார் க்ளோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்ததும் சிக்னல் தாமதமாக வருவது போலத் தோன்றும். சார்ட்டில் நீங்கள் ரசித்த அந்தப் பழைய அம்புகளும் இதே தாமதத்தோடு வந்தவைதான், நீங்கள் அப்போது உடன் இல்லை, அதனால் தெரியவில்லை.

அலர்ட்டும் அம்பும் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. ட்ரேடிங்வியூவில் அலர்ட் உருவாக்கும் கணத்தில் அந்தச் சமயத்து ஸ்கிரிப்ட், செட்டிங், பங்கு, டைம்ஃப்ரேம் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து சர்வரில் வைத்துக்கொள்கிறது. மறுநாள் நீங்கள் 14-ஐ 12 ஆக்கிச் சேமித்தால் சார்ட் மாறும். அலர்ட் பழைய 14-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய அலர்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அலர்ட் செய்தியிலேயே ஸ்கிரிப்ட்டின் பதிப்பு எண்ணை எழுதிவிடுங்கள், எது எதிலிருந்து வந்தது என்ற குழப்பம் தீரும். நாளெல்லாம் கோட் எழுதுகிற உங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வர்ஷன் கட்டுப்பாட்டை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

அடுத்து அந்த ஒரு மணி நேர ஃபில்டர். பெரிய டைம்ஃப்ரேம் மதிப்பைச் சின்ன சார்ட்டுக்குள் இழுத்துவருவதுதான் ரிப்பெயின்ட் (காட்டிய மதிப்பு பின்னால் மாறிவிடுவது) தொல்லைகளிலேயே பெரியது. பழைய கேண்டில்களில் முடிந்துபோன மணி நேரத்தின் மதிப்பு கிடைக்கிறது. லைவில் இன்னும் முடியாத மணி நேரத்தின் அரைகுறை மதிப்பு கிடைக்கிறது. இன்னும் மோசம், லுக்அஹெட் என்ற, பெரிய கேண்டிலின் மதிப்பை அதன் தொடக்கத்திலேயே எடுத்துத் தரும் வசதியை ஆன் செய்துவிட்டு மதிப்பை ஒரு கேண்டில் பின்னுக்குத் தள்ளாமல் விட்டால், பழைய சார்ட்டில் 10:20 கேண்டிலுக்கு 11:15-க்கு முடியப்போகிற விலை முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படி ஒரு பேக்டெஸ்ட்டில் (பழைய டேட்டாவில் செய்யும் சோதனையில்) யார் வேண்டுமானாலும் கோடீஸ்வரர் ஆகலாம். சரியான வழி: முந்தைய, முடிந்துபோன மணி நேரத்தின் மதிப்பை மட்டும் எடுப்பது, அதாவது ஒரு கேண்டில் பின்னுக்குத் தள்ளி லுக்அஹெட்டோடு எடுப்பது. பழையதிலும் லைவிலும் ஒரே எண் வரும்.

நம் சந்தையின் நேரத்தால் வரும் ஒரு சிக்கலும் உண்டு. என்எஸ்இ-யில் 9:15 முதல் 3:30 வரை 375 நிமிடம். அறுபதால் வகுத்தால் மீதி 15. ஆகவே ஒரு மணி நேர சார்ட்டில் தினமும் ஆறு முழுக் கேண்டிலும், 3:15-க்குத் தொடங்கும் ஒரு கால் மணி நேரக் குட்டிக் கேண்டிலும் இருக்கும். உங்கள் சராசரி இரண்டையும் ஒரே எடையில் எண்ணுகிறது. வீடியோக்களைப் பார்த்து ஒரு மணி நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால் வருவது இது. 75 நிமிடம் வைத்துப் பாருங்கள்: 375-ஐ ஐந்தாகச் சமமாகப் பிரிக்கும், குட்டிக் கேண்டில் கிடையாது. இங்கே பல இன்ட்ராடேக்காரர்கள் 75 நிமிட சார்ட் பார்ப்பதற்கு மந்திரம் எதுவும் காரணமில்லை, இந்த வகுத்தல்தான்.

இப்போது உங்கள் இண்டிகேட்டரைப் பற்றியே ஒரு வார்த்தை, மனம் வருந்தாதீர்கள். 14 கேண்டில் மொமன்டம் பூஜ்யத்தைக் கடக்கும் கணமும், 14 கேண்டில் சாதாரண சராசரி கோடு திசை திரும்பும் கணமும் ஒன்றே. சராசரியின் ஒரு கேண்டில் மாற்றம் என்பது புதிதாக உள்ளே வந்த விலை கழித்தல் வெளியே போன விலை, அதை 14-ஆல் வகுத்தது. அதன் குறி உங்கள் மொமன்டத்தின் குறி. ஆக நீங்கள் கட்டியிருப்பது, சராசரி கோடு மேலே வளைகிறதா கீழே வளைகிறதா என்று சொல்லும் ஒரு கருவி. அது கெட்டதில்லை. ஆனால் சராசரிக்கு என்ன குறை உண்டோ அது முழுக்க இதற்கும் உண்டு என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 14 கேண்டில் மாற்றத்தின் நடு வயது ஆறரைக் கேண்டில். 5 கேண்டில் இஎம்ஏ இன்னும் இரண்டு கேண்டில் சேர்க்கும். ஐந்து நிமிட சார்ட்டில் இந்தக் கோடு உங்களுக்குச் சொல்வது ஏறக்குறைய நாற்பது நிமிடத்துக்கு முந்தைய வேகத்தை. இஎம்ஏவை 9 ஆக்கினால் கோடு அழகாக வழுக்கும், தாமதம் மேலும் பத்து நிமிடம் கூடும்.

அதனால்தான் இதை வாங்கு, விற்றுவிடு என்ற விசையாக வைப்பதை நான் விரும்புவதில்லை. திசையில்லாத சைட்வேஸ் நாளில் கோடு பூஜ்யத்தை மேலும் கீழுமாகக் கடந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு கடத்தலுக்கும் கட்டணம் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு இன்ட்ராடேயில் வாங்கி விற்றால், டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் புரோக்கரேஜ் இரண்டு பக்கமும் சேர்த்து 40, விற்கும்போது எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.025 சதவீதம் என்று 25, பிறகு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 80 ரூபாய் வாக்கில் வரும். அதாவது ஒரு பக்கத்துக்கு 0.04 சதவீதம். பேக்டெஸ்ட் தளங்களில் கமிஷன் வழக்கமாகப் பூஜ்யமாகவே இருக்கும், இந்த 0.04-ஐ நீங்கள்தான் போய்ப் போட வேண்டும். போட்டுவிட்டு லாபக் கோட்டைப் பாருங்கள். பல "அட்டகாசங்கள்" இந்த ஒரு எண்ணிலேயே படுத்துவிடும்.

என் யோசனை: பூஜ்யக் கோட்டுக்குப் பதில் ஒரு பட்டை வையுங்கள். மொமன்டத்தை ஏடிஆரால் வகுத்த பிறகு, நீங்கள் வைக்கும் ஒரு மேல் எல்லையைத் தாண்டினால்தான் உள்ளே. பூஜ்யத்துக்கு இறங்கினால் வெளியே. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் இந்த இடைவெளி இருந்தாலே கடத்தல்களின் எண்ணிக்கை பெருமளவு குறையும். எப்போது வாங்குவது என்பதை விலையிடம் விடுங்கள்: முதல் அரை மணி நேர ஹையை உடைத்தல், முந்தைய நாள் ஹை, உங்களுக்குப் பழக்கமான எதுவானாலும் சரி. அந்த உடைப்பை நம்பலாமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் மொமன்டத்தை உட்கார வையுங்கள். இன்னொரு நல்ல பயன், வரிசைப்படுத்துவது. இருபது பங்குகளைக் கண்காணிக்கிறீர்கள் என்றால், இன்று எந்த மூன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இது நன்றாக உதவும்.

வரிசைப்படுத்துவதில்தான் மொமன்டத்துக்கு உண்மையான ஆதாரமும் இருக்கிறது. 1993-இல் ஜெகதீஷ், டிட்மன் என்ற இரு நிதி ஆய்வாளர்கள் காட்டியது மூன்று முதல் பன்னிரண்டு மாதக் கணக்கு: அந்தக் காலத்தில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன. நம் நிஃப்டி200 மொமன்டம் 30 குறியீடும் அப்படித்தான்: ஆறு மாத, பன்னிரண்டு மாத விலை ஏற்றத்தை எடுத்து, ஏற்ற இறக்கத்தால் வகுத்து, முப்பது பங்கைத் தேர்ந்தெடுத்து, ஜூனிலும் டிசம்பரிலும் மாற்றியமைக்கிறார்கள். ஐந்து நிமிட சார்ட்டில் 'மொமன்டம்' என்ற அதே பெயர் இருப்பதால் அதே ஆதாரமும் கூடவே வந்துவிடாது. ஒரு மாதத்துக்குக் குறைந்த காலத்தில் ஏறியது திரும்பி இறங்கும் போக்குக்கும் ஆய்வுகள் உண்டு. மார்க்கெட் நேரம் முழுக்க மீட்டிங்கில் இருக்கிற உங்களுக்கு, இதே ஸ்கிரிப்ட்டை டெய்லி சார்ட்டில் வைத்து வார இறுதியில் பார்ப்பது பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். 2022-23-இல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக, சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியே ஆய்வில் சொல்லியிருக்கிறது. அதையும் மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

டெய்லிக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் 1:1 போனஸ் கொடுத்தது, விலை பாதியானது. சார்ட் அதைச் சரிசெய்து காட்டும். ஆனால் நீங்கள் தனியாக இறக்கி வைத்த பழைய டேட்டாவில் சரிசெய்யப்படாமல் இருந்தால், ஒரே நாளில் மைனஸ் 50 சதவீத மொமன்டம் என்று காட்டும்.

சோதிக்கும் முறை: ஒரு நாள் லைவில் கேண்டில் முடியும்போதெல்லாம் இண்டிகேட்டர் மதிப்பை ஒரு ஷீட்டில் எழுதிவையுங்கள், அல்லது அலர்ட் செய்தி வழியாக அனுப்பச் செய்யுங்கள். மறுநாள் சார்ட்டைப் புதிதாகத் திறந்து அதே கேண்டில்களின் மதிப்பை ஒப்பிடுங்கள். ஒன்று கூட மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் எங்கோ ரிப்பெயின்ட் ஒளிந்திருக்கிறது. பழைய சார்ட்டை மறுபடி ஓட்டிக் காட்டும் பார் ரீப்ளேயை நம்பி இதைத் தவிர்க்க வேண்டாம், அது முடிந்த கேண்டில்களைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது, டிக்குக்கு டிக் நடக்கும் ஆட்டத்தை அப்படியே காட்டாது. ஹெய்க்கின் ஆஷி கேண்டிலில் பேக்டெஸ்ட் செய்யாதீர்கள். அதில் இருப்பவை சராசரியாக்கிய விலைகள், அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் விற்க மாட்டார்கள். இவ்வளவும் சரியான பிறகு 14-ஐ மாற்றிப் பாருங்கள். 12, 14, 16 மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தால் நல்லது. 14 மட்டும் ஜொலித்து 13-உம் 15-உம் சரிந்தால், அது அந்தப் பழைய டேட்டாவுக்கு மட்டும் பொருந்திய எண்.

புரோக்கர் ஆப்பிலேயே இதை ஓட்ட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. புரோக்கர் ஆப்பில் தெரியும் ட்ரேடிங்வியூ சார்ட் அவர்களுக்குத் தனியாகக் கொடுக்கப்படும் லைப்ரரி. அதில் உங்கள் பைன் ஸ்கிரிப்ட் ஓடாது. சிக்னல் ஒரு இடம், ஆர்டர் ஒரு இடம் என்றுதான் இருக்கும். இரண்டையும் வெப்ஹுக், ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழிகள்) வழியாக இணைக்கலாம். ஆனால் சில்லறை முதலீட்டாளர் அல்கோவுக்கு (தானாகவே ஆர்டர் போடும் முறைக்கு) 2025 பிப்ரவரியில் செபி தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. உங்கள் புரோக்கர் அதை எப்படி நடைமுறைப்படுத்தியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அப்புறம், இன்ட்ராடே லாபமோ நஷ்டமோ வருமான வரிக்கு ஸ்பெகுலேட்டிவ் வியாபாரக் கணக்கு. சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போக வேண்டும்.

கடைசியாக அந்தச் சந்தா. காசு வாங்கிக்கொண்டு, இந்தப் பங்கை வாங்கு, அதை விற்றுவிடு என்று சிக்னல் அனுப்புவதற்கு, 2014-ஆம் ஆண்டின் ரிசர்ச் அனலிஸ்ட் விதிமுறைப்படி செபியில் பதிவு வேண்டும். "கல்விக்காக மட்டும்" என்று கீழே ஒரு வரி போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் எச்எஸ்ஆர் லேஅவுட் முதல் ஒயிட்ஃபீல்டு வரை இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இறங்காதீர்கள். நண்பர்களுக்கு ஆர்வம் இருந்தால் ஸ்கிரிப்ட்டை இலவசமாகக் கொடுத்து, மேலே சொன்ன ஷீட் சோதனையை அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். ஒரே லாஜிக்கை நான்கு பேர் நான்கு பங்கில் எழுதிவைத்தால், எங்கே ஓட்டை என்பது உங்களுக்கும் சீக்கிரம் தெரியும்.